ஜன்னலோரக் கட்டில்

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பையனுக்குத் தாடையைக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கண்களைத் தவிர முகமெல்லாம் கட்டு. சிலேட்டில் எழுதிக் காட்டினான்: "கட்டைப் பிரிச்சதும் எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்களா?"

ஸ்டூலில் இருந்த நான் பதில் சொல்வதற்குள், அழுகத் தொடங்கிய நாலு ஆரஞ்சுகளோடு அத்தை நுழைந்தாள். நேரே கட்டிலிடம் போனாள்.

"டேய் கோணவாயா! உங்கப்பன் சம்பாத்தியத்தையெல்லாம் உன் மூஞ்சியிலேயே கொட்டிட்டான். கழுதையைக் குளிப்பாட்டினா குதிரையாயிடுமா?"

பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

அத்தை என்னிடம் திரும்பினாள். "எந்திரி தம்பி, நான் உக்காரணும். இவன் சிநேகிதனா நீ? என்ன லட்சணமான முகம்! உன்னைப் பெத்தவ புண்ணியவதி. எங்கண்ணனும் பெத்திருக்கானே ஒரு ரத்தினம்!"

அத்தை என்னைப் புகழ்ந்தது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமே இல்லை. ஆனால் பையன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"அத்தை, உங்கண்ணன் பெத்த ரத்தினம் நான்தான். கட்டுப் பிரிச்சு ஒரு வாரமாச்சு. என் கட்டிலை நேத்துதான் இவனுக்கு விட்டுக் கொடுத்தேன்."

கம்பி போடாமலே அத்தையின் வாய் பூட்டிக்கொண்டது.

பையன் சிலேட்டிலிருந்த கேள்வியை அழித்தான். வாய் விட்டுச் சிரிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் கண்ணால் மட்டும் சிரித்தான்.