முதுகுவலித் தைலம்

மருந்துக்கடைக் கரடிக்குக் கழுதையிடம் போனில் சரக்கு சொல்வதே பெரும்பாடாக இருந்தது. கழுதைதான் அந்தக் காட்டுக்கு மொத்த வியாபாரி. பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. அதனால் கரடி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தது.

"எது விற்குதோ அதை நானே ஆர்டர் போட்டுடுவேன் முதலாளி. நீங்க வாயே திறக்க வேண்டாம்" என்றது கம்ப்யூட்டர்.

முதல் லோடை இறக்கும்போதே கரடிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடையிலிருந்த தைலத்தில் ஒரு புட்டியை எடுத்துத் தேய்த்துக்கொண்டு, நாணயமாகத் தன் பெயருக்கே பில் போட்டது. மறுநாள் ஒரு பெட்டி தைலம் வந்து இறங்கியது. அதைத் தூக்கியதில் வலி கூடி, இன்னும் இரண்டு புட்டி செலவானது. அடுத்து ஐந்து பெட்டி வந்தது. கடைசியில் கடைக்குள் நிற்கவே இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வந்த முயலை வாசலிலேயே காக்கவைத்துவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே தேடித் தேடிக் கரடிக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று கழுதையே சரக்கோடு வந்தது.

"என்னண்ணே, காட்டுல எல்லாருக்கும் முதுகுவலியா?"

"எனக்கு மட்டும்தான் தம்பி. எல்லாம் உன் தைலப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வந்தது."

"ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட பேசாம இருக்கத்தானே இதை வாங்கினேன்."

கழுதை கோபித்துக்கொள்ளவில்லை. இடுப்பைப் பிடித்தபடி மெல்லக் குனிந்தது.

"அது கிடக்கட்டும். எனக்கும் ஒரு புட்டி கொடுங்க. சுமந்து சுமந்து என் முதுகும் போச்சு."

கரடி பழக்கத்தில் பில் போட்டுவிட்டது.

"தைலத்துக்குப் புது வாடிக்கை கிடைச்சிருக்கு முதலாளி" என்றது கம்ப்யூட்டர் பெருமையாக. "ஐம்பது பெட்டி சொல்லிட்டேன்."