ஏழாவது கை

பூங்குழலியின் மடிக்கணினியில் ஆறு நாட்டு முகங்கள் ஆறு கட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மாலை வெயில் ராஜகிரி மலையிலிருந்து சரிந்து அவள் விரல்களில் விழுகிறது. மாடியில் குடியிருக்கும் அவளுக்கு நான் கொண்டுவந்த டீயில் ஆடை கட்டி, அதன்மேல் ஓர் ஈ நடந்தே அக்கரை சேர்கிறது. "இன்னாம்மா டென்ஷன்?" என்கிறேன். மைக்கை அணைத்துவிட்டுத் திரும்புகிறாள். "எந்த நாட்டுல இப்ப இன்னா மணின்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு மூணு வருசமா எழுதினேன் இல்ல தாத்தா? அத கம்ப்யூட்டர் மொழியோடவே சேத்துக் குடுக்கலாமான்னு ஓட்டு. சேத்தா உலகம் பூரா போயிடும். மூணுக்கு மூணு நிக்குது. என் கைதான் பாக்கி." "தூக்கிட வேண்டியதுதானே, கை சுளுக்கா?" அவள் சிரிக்கவில்லை. "எதனா ஒரு நாடு திடீர்னு கடிகாரத்த மாத்திடுது. வெளிய இருந்தா அன்னிக்கே திருத்திடுவேன். உள்ள போயிட்டா அடுத்த வெர்ஷன் வர்ற வரைக்கும் ஒரு வருசம் தப்பு மணிதான்." மைக்கைத் திறக்கிறாள். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறாள். அவளுக்காகத் தூக்கியிருந்த மூன்று கைகளும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. சன்னலுக்கு வெளியே ராஜகிரி ஒரு முழம் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் டேப்போடு வந்து அளந்துகொள்ளலாம்.