மொழிமானிக்குக் கேட்கும்படி

சுர்வால் என்ற சுவிஸ் மலைக்கிராமத்தின் சதுக்கத்தில் ஒரு மொழிமானி இருக்கிறது. யார் என்ன பேசினாலும் அதற்குக் கவலையில்லை. எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை மட்டும் அளக்கும். இன்று சோதனை நாள். மாலைக்குள் ஊரின் சொந்த மொழியான ரொமான்ஷ் பாதியைத் தாண்டாவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். விடுமுறைக்கு வந்தவர்களோ ஓயாமல் ஜெர்மன் பேசினார்கள். ஊர்க்காரர்கள் எதிரெதிரே வந்தால் தலையசைப்பதோடு சரி.

ஊர்த்தலைவர் துமேங், பேக்கரி நடத்தும், சண்டைக்குப் பேர்போன யாழ்ப்பாணத் தம்பதியிடம் ஓடினார். அவர்கள் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

"உங்க சண்டையை இன்னிக்குச் சதுக்கத்துல வச்சுக்க முடியுமா? ரொமான்ஷ்ல?"

மதிவதனி கணவன் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கட அண்ணன் குடும்பத்தை ஒரு மாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறியள், என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்ல. வாங்கோ, அங்க வச்சே கேக்கிறன்."

சதுக்கத்தில் ரொமான்ஷ் பொழிந்தது. ஜன்னல்கள் திறந்தன. மானி நாற்பத்தெட்டு சதவீதத்தைத் தொட்டபோது துஷ்யந்தன், "சரி, என் தப்புதான்" என்றான். மதிவதனி சிரித்துவிட்டாள். சண்டை முடிந்தது.

"அதுக்குள்ளயா மன்னிப்பு கேக்கிறது!" துமேங் தலையில் கை வைத்தார்.

மேல்மாடி ஜன்னலில் அவர் மனைவி செரைனா எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா, ஒரு மனுஷன் எப்படி மன்னிப்பு கேக்கிறான்னு? மேல வாங்க. எனக்கும் முப்பது வருஷமாச் சேத்து வச்சது இருக்கு."

துமேங் மானியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"மேல வேண்டாம் செரைனா. நீ இங்க இறங்கி வா. சத்தமாவே திட்டு."