பால்வெள்ளை மருந்து

ஊசிக்குள் பால்போல் வெளுத்திருக்கும் மருந்தை ஈஸ்வரி நம்பாமல் பார்க்கிறாள். பித்தப்பைக் கல்லை எடுக்க மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மேசைமேல் படுத்திருக்கிறாள். தலைக்குமேல் பெரிய விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது. பக்கத்து மெஷின் அவள் நெஞ்சுத் துடிப்பை ஊருக்கே சொல்கிறது. "மூளையில நரம்பை அடக்கிவைக்கிற காபா ரிசப்டர்னு ஒண்ணு இருக்கும்மா. இந்த மருந்து அதுல ஒட்டிக்கிட்டா அடக்கம் இன்னும் கூடும், தூங்கிருவீங்க," என்கிறாள் மயக்க டாக்டர் செம்மொழி. "அப்புறம்?" "மருந்து தானா வடிஞ்சிரும்." "வயல்ல மழைத்தண்ணி தானா வடிஞ்சிரும்னு சொல்லித்தான் போன ஐப்பசியில எங்க நடவு அழுகுச்சு." டாக்டர் சிரிக்கவில்லை. "வடியிறவரைக்கும் நான் நகரமாட்டேன்," என்கிறாள். கண்ணை மூடவே கூடாதென்று ஈஸ்வரி விளக்கை முறைக்கிறாள். கை நரம்பில் சுருக்கென்று எரிகிறது. "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்கிறாள். "முடிஞ்சிருச்சும்மா." அவள் நம்பவில்லை. போர்வைக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள். வயிற்றில் பிளாஸ்திரி தட்டுப்படுகிறது.