படிக்க, திருத்த, அனுப்ப

"மூணு வருஷம்! மூணு வருஷமா என் மெயிலுக்குள்ள ஒருத்தன் குடித்தனம் நடத்தியிருக்கான்!"

கிளை மேலாளர் போட்ட சத்தத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையிலிருந்த தலையணை உறையோடு ஓடி வந்தாள். கையும் களவுமாகப் பிடித்த திருடனைக் காட்டுவதுபோல் அவர் லேப்டாப் திரையைச் சுட்டிக் காட்டினார்.

லிஃப்ட் பராமரிக்கும் அவருடைய கம்பெனி, ஊழியர்கள் எல்லோரும் மெயில் கணக்கின் பாதுகாப்பைச் சரிபார்த்து, திங்கட்கிழமைக்குள் 'முடித்தேன்' என்று எழுத வேண்டும் என உத்தரவு போட்டிருந்தது. மற்றவர்கள் உத்தரவைப் படிக்காமலேயே 'முடித்தேன்' என்று எழுதிவிட்டார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்வேர்டு மாறியது, புதியது அவருக்கே இரண்டு தடவை பிடிபடவில்லை. செல்போனுக்கு வரும் ஆறு இலக்க எண் இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாதபடி இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று. கடைசியாக, 'உங்கள் கணக்கைப் பயன்படுத்தும் பிற ஆப்கள்' என்ற பக்கத்தைத் திறந்தபோதுதான், முன்பின் தெரியாத ஒரு ஆப் வடிவில் ஆள் சிக்கினான்.

"என்னென்ன அனுமதி வாங்கி வெச்சிருக்கான் பாரு. மெயிலைப் படிக்கலாம். திருத்தலாம். அனுப்பலாம். எனக்குப் பல்லு தேய்ச்சு விடறது ஒண்ணுதான் பாக்கி!"

மனைவி எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"ஐயோ, அது நான் போட்டதுங்க. பழைய கம்பெனியில உங்களுக்கு வேலை போச்சே, அப்ப போட்டது. எழுத்துப்பிழை எல்லாம் பார்த்து, நயமா திருத்தி அனுப்பிடும்னாங்க..."

"எனக்கு எழுத்துப்பிழையா?"

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. நாளைக்கு மண்டல மேலாளர் யாருன்னு சொல்லப்போறாங்க. இந்த நேரம் பார்த்து எதையாவது நோண்டணுமா?"

அவள் கவலை அவளுக்கு. அந்தப் பதவி வந்தால் மகள் இருக்கும் ஊருக்கே மாற்றல். பிறந்து எட்டு மாதமான பேத்தியை அவள் இதுவரை செல்போன் திரையில்தான் கொஞ்சியிருக்கிறாள்.

அவர் சிரித்தார். "அடி அசடே, அந்தப் பதவியே எனக்கு என் மெயிலாலதான் வருது!"

அது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. நேரில் அவர் பரம சாது. டைரக்டர் மேடத்தின் எதிரில் 'சரிங்க மேடம்' என்று சொல்வதற்கே இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துக்கொள்வார். ஆனால் கீபோர்டில் விரல் பட்டுவிட்டால் வேறு பிறவி. மேலதிகாரி, கீழதிகாரி என்ற பேதம் பார்க்காமல் விளாசித் தள்ளுவார். அனுப்பியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது கோழைகள் வேலை என்பது அவர் கொள்கை.

"போன மாசம் ஸ்டோர் கீப்பரை உரிச்சுத் தொங்கவிட்டு எழுதினேன். மறுநாள் ஓடி வந்து, 'ரொம்ப நன்றி சார்'னு கையைப் பிடிச்சுக்கிட்டான். அம்புட்டு பயம்! மேடத்துக்கே எத்தனை தடவை எழுதியிருக்கேன், உங்களுக்கு நிர்வாகம்னா என்னன்னே தெரியாதுன்னு. இப்பல்லாம் என்னைப் பார்த்தா அவங்களே நாற்காலியை இழுத்துப் போடறாங்க."

"எனக்கென்னவோ..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

'அனுமதியை நீக்கு' என்பதை அழுத்தினார். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. அவர் என்றைக்கு எதில் சந்தேகப்பட்டார்? மறு அழுத்தலில் மூன்று வருடக் குடித்தனக்காரன் காலி.

அதே சூட்டில் மேடத்துக்கு 'முடித்தேன்' எழுத ஆரம்பித்தார். ஒரே சொல்லில் நிறுத்த மனம் வரவில்லை.

'முடித்தேன். பாதுகாப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க அங்கே ஒருவருக்கும் தகுதி இல்லை. உங்கள் உத்தரவில் ஒரு வாக்கியம்கூட உருப்படி இல்லை. தலைமையகத்தில் எல்லா லிஃப்டும் மேலே போகிறது. மூளை மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறது.'

மனைவி கடைசி வரிக்கு வருவதற்குள் மெயில் போய்விட்டது.

"என்னங்க இது! இதையா அனுப்பினீங்க?"

"மூணு வருஷமா இப்படித்தான் அனுப்பிக்கிட்டிருக்கேன். நீ போய்த் துணியை மடி."

பத்தே நிமிடத்தில் போன் அடித்தது. டைரக்டர் மேடம்.

அவர் தன்னையறியாமல் எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் வேறு அழுந்திவிட்டது. மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க மெயில் வந்துது. படிச்சேன்."

"மே... மேடம்..."

"நீங்க பதறாதீங்க. மூணு வருஷமா உங்க மெயிலைப் படிக்கிறேன். என்னைத் திருத்தறதா இருந்தாக்கூட 'தவறாக நினைக்க வேண்டாம்'னுதானே ஆரம்பிப்பீங்க? அந்தப் பணிவுக்காகத்தான் உங்க மண்டல மேலாளர் ஆர்டர்ல நேத்தே கையெழுத்துப் போட்டேன்."

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. உங்க மெயிலை எவனோ ஹேக் பண்ணிட்டான் சார்!"