ஒன்பது பதினேழு

“இப்பவே ஆராவுக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்தால், பிறகு சூரிச் கொலிச் கூப்பிட்டாலும் போகேலாது. கொஞ்சம் பொறுத்தால் என்ன குறைஞ்சு போகுது?” என்றார் இராஜசிங்கம்.

மனைவி சிவகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவிஸில் ஆராவ் நகரத்துத் தாதியர் கல்லூரி அவளுக்கு இடம் தந்து கடிதம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. சூரிச் பெரிய கல்லூரியோ இன்னும் ஒரு மாதம் போனபிறகுதான் வாயைத் திறக்கும்.

“சூரிச்காரர் இல்லையெண்டு சொன்னால்?”

“அவங்கள் ஏன் இல்லையெண்டு சொல்லப் போறாங்கள்?”

“ஏனெண்டால், என்ரை டொச் பாஷை முதியோர் இல்லத்திலை நிலம் துடைச்சுத் துடைச்சுப் பழகின டொச். ஆராவ்காரர் அதைக் கேட்டும் சிரிக்கேல்லையப்பா. இடம் தந்திருக்கினம்! இதையும் விட்டால் சாகுமட்டும் எனக்குத் துடைப்பந்தான்.”

இராஜசிங்கம் கெட்ட மனிதர் இல்லை. முடிவெடுக்கப் பயந்த மனிதர், அவ்வளவுதான். ஒரு சோடி சப்பாத்து வாங்க, அவர்கள் குடியிருக்கும் ஷ்லீரனில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்.

“எதுக்கும் தம்பித்துரை அண்ணையிட்டை நல்ல நாள் ஒண்டு கேப்பம்,” என்றார்.

போச்சுது! சிவகலா தலையில் கையை வைத்தாள்.

தம்பித்துரை ஆராவில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவர். எண்பத்து நாலில் வந்தவர். சுற்றுவட்டாரத் தமிழருக்கெல்லாம் அவர்தான் நாள் பார்ப்பது. விசா அலுவலோ, வீடு மாறுவதோ, அவருக்கு ஒரு ரெலிபோன் போகாமல் ஒன்றும் அசையாது. வருடாவருடம் ஊரிலிருந்து பார்சலில் பஞ்சாங்கம் வருகிறதாம். மஞ்சள் பட்டில் சுற்றி வைத்திருப்பார். குளிக்காமல் ஒருத்தரும் அதைத் தொடப்படாது.

“இந்த நாட்டுக்கு வந்தும் என்ரை படிப்பை ராகுவும் கேதுவுமோ தீர்மானிக்கிறது? அந்த மனிசனுக்கு வேறை வேலை இல்லையோ?”

அதற்குள் இராஜசிங்கம் இலக்கத்தைச் சுழற்றிவிட்டார். தம்பித்துரையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“கடைசித் திகதி எப்ப?”

“வெள்ளி பின்னேரம் அஞ்சு மணி, அண்ணை.”

“எங்கை குடுக்கவேணும்?”

“உங்கடை ஆராவிலைதான். ஸ்ரேசனுக்குக் கிட்ட.”

“தங்கச்சியிட்டைக் குடு.”

சிவகலா வேண்டாவெறுப்பாக வாங்கினாள். “சொல்லுங்கோ அண்ணை.”

“நட்சத்திரம்?”

“பூரட்டாதி.”

“உமக்கு இந்தப் படிப்பிலை விருப்பமோ?”

இதென்ன கூத்து, கிரகங்களுக்கு என்னுடைய விருப்பம் எதற்கு? “சரியான விருப்பம் அண்ணை,” என்றாள்.

தடித்த புத்தகம் ஒன்றின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

“வெள்ளி காலமை ஒன்பது பதினேழு. நேரிலை கொண்டுபோய்க் குடுக்கவேணும். அதை விட்டால் இந்த வருசம் உமக்குப் படிப்பு யோகமே இல்லை.”

“அப்ப சூரிச்?” என்று பக்கத்தில் நின்று கத்தினார் இராஜசிங்கம்.

“சூரிச்சைப் பற்றிக் கிரகம் ஒண்டும் சொல்லேல்லை!” என்று ரெலிபோனை வைத்துவிட்டார் தம்பித்துரை.

வெள்ளிக்கிழமை இருவரும் ஆராவில் ரயிலால் இறங்கும்போது மணி ஒன்பது ஐந்து. விறுவிறென்று நடந்துபோய்க் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தாள் சிவகலா. சுவர் மணிக்கூட்டில் ஒன்பது பதினேழு.

இராஜசிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. “பாத்தியோ? ஒரு நிமிசம் பிசகேல்லை! அந்த மனிசனைக் கையெடுத்துக் கும்பிடவேணும்.”

கும்பிடத்தான் போனார்கள். தம்பித்துரையின் அறை வாசலில் நின்றபோதுதான், வெறுங்கையோடு வந்துவிட்டோம் என்பது இராஜசிங்கத்துக்கு உறைத்தது. சொக்லேற் பெட்டி வாங்கக் கீழே ஓடினார்.

தம்பித்துரை தேத்தண்ணீர் போடத் திரும்பினார். மேசையில் மஞ்சள் பட்டு இருந்தது. சொன்ன நிமிசம் பலித்துவிட்டதே, விடிய எழும்பி முழுகினவள்தானே, தொட்டுக் கும்பிடுவோம் என்று சிவகலா மெல்ல விரித்தாள்.

உள்ளே பஞ்சாங்கம் இல்லை. சுவிஸ் ரயில் நேர அட்டவணை!

ஆராவுக்குரிய தாளில், ஒன்பது ஐந்துக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘நடை பத்து நிமிசம், கையெழுத்து ரெண்டு.’

“அண்ணை!”

தம்பித்துரை கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

“பிந்தாமல் போய்க் குடுங்கோ எண்டு நேரை சொன்னால் ஆர் கேக்கினம் தங்கச்சி? கிரகம் சொல்லுது எண்டால் ஓடுவினம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஊரிலை எனக்கும் ஒரு கொலிச்சிலை இடம் வந்தது. நல்ல நாள் பாத்து மூண்டு நாள் பிந்திப் போனன். என்ரை கதிரையிலை வேறை ஆள் இருந்தது.”

இந்த மனிசனையோ இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்று சிவகலாவுக்கு வெட்கமாக இருந்தது.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவசரமாகப் பட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

இராஜசிங்கம் மூச்சிரைக்க உள்ளே வந்தார். சொக்லேற்றைக் கொடுத்தார். “அண்ணை, அந்தப் பஞ்சாங்கத்தை ஒருக்கால் தொட்டுக் கண்ணிலை ஒத்தட்டோ?” என்று கையை நீட்டினார்.

சிவகலா பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றாள்.

“ரயிலிலை வந்த உடம்போடையோ? எடுங்கோ கையை! குளிக்காமல் அதைத் தொடப்படாது!”