பூட்டிய வீட்டின் குக்கர்

ஈஸ்டருக்கு யாரும் வந்து தொல்லை பண்ணக் கூடாதென்று, ஊருக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சூசை முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக உள்ளே வந்திருந்தார். அவர் மனைவி அமலோற்பவம் விடிந்ததிலிருந்து நுனிக்காலில்தான் நடந்தாள். தவக்காலம் முடிந்து முதன்முதலாக ஆட்டுக்கறி குக்கரில் வெந்துகொண்டிருந்தபோது, வாசலில் “அக்கா!” என்று அவள் தங்கை சலேத்தின் குரல். சண்டை போட்டுப் போனபின் வருடக்கணக்கில் இந்தப் படி ஏறாதவள்.

சூசை உதட்டில் விரல் வைத்து, அடுப்பைக் காட்டினார். “அணைச்சிரு” என்று வாயசைத்தார். குக்கரின் வெயிட் லேசாக ஆடத் தொடங்கியிருந்தது; இன்னும் கொஞ்சம் சூடேறினால் விசில் தெருவுக்கே கேட்கும். அமலோற்பவத்தின் கை அடுப்பின் திருகு வரை போய் நின்றது.

“பூட்டிக் கெடக்கே. நல்ல நாளுல வந்தும் பாக்க முடியலியே” என்றாள் சலேத், தன்பாட்டுக்கு. செருப்புச் சத்தம் படியிறங்கியது.

அமலோற்பவம் தீயைக் கூட்டினாள்.